எந்தத் தெருக்காரி சாலி?

விடுதியில் தங்கிப் படிக்கும் தங்கை ஒருத்தி கர்ட்டிஸ் சிட்டன்ஃபெல்டின் 'ரொமான்டிக் காமெடி' நாவலைக் கொடுத்து, "படிச்சுட்டுத் திட்டாதீங்கக்கா" என்றாள். 2023இல் வந்த அமெரிக்க நாவல். இரண்டே இரவில் முடித்துவிட்டேன். திட்டத் தோன்றவில்லை.

நாயகி சாலி, நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எழுதுகிறவள். விவாகரத்தானவள். உடன் வேலை செய்யும் டேனி ஒரு பிரபல நடிகையைக் காதலிக்கிறான். சுமாரான ஆணுக்குப் புகழ்பெற்ற பேரழகி கிடைக்கிறாள், சுமாரான பெண்ணுக்கு மட்டும் அப்படி ஒருவன் கிடைப்பதே இல்லை என்று சாலிக்குக் கடுப்பு. அதை டேனி பெயரிலேயே ஒரு 'விதி' ஆக்கி நகைச்சுவைக் காட்சி எழுதுகிறாள். அந்த வாரமே விருந்தினராக வரும் பாப் பாடகன் நோவாவிடம் மனதைப் பறிகொடுக்கிறாள்.

எனக்குப் பிடித்தது அந்த விதிதான். யார் யாரை விரும்பலாம் என்று எழுதிவைக்காத சட்டம் ஒன்று இருப்பதைப் பெரும்பாலான காதல் கதைகள் மூடி மறைக்கும். இந்த நாவல் அதற்குப் பெயர் வைத்துவிடுகிறது.

ஆனால் விதியை மீறினால் சாலிக்கு என்ன ஆகும்? அவமானப்படலாம், மனம் உடையலாம். அவளைத் தடுப்பது பெரும்பாலும் 'எனக்கெல்லாம் இவனா' என்ற அவளது தயக்கம்தான். 2020 ஊரடங்கில் மின்னஞ்சலில் பேசிப்பேசி அது கரைந்ததும், காரை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போய்விடுகிறாள். வழியில் யாரும் "நீ எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை.

இங்கே சங்கரும் கௌசல்யாவும் ஒரே பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள். யாரும் நட்சத்திரம் இல்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பலர் பார்க்க, சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அவர்களுக்குள் எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. சுவர் வெளியே இருந்தது. சாதியின் உயிர்நாடி அகமணமுறை என்று அம்பேத்கர் 1916இல் கட்டுரை வாசித்ததும் இதே நியூயார்க்கில்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில்.

இந்த அரசின் சட்டமும் அந்தச் சுவருக்கு ஒரு கல் எடுத்துக் கொடுக்கிறது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்க விரும்புகிறவர்களின் அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். ஆட்சேபணைக்கு 30 நாள். தேடி வருகிறவர்களுக்கு அந்த 30 நாள் போதும்.

இதனால் "இந்தக் கதையெல்லாம் நமக்கெதுக்கு" என்று சில தோழர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. நம் காதலைப் பற்றி நாம் எழுதுவதும் பேசுவதும் தண்டவாளத்திலோ பேருந்து நிலையத்திலோதான் முடிகிறது. அந்தக் கணக்கைத் தீர்க்காமல் விட முடியாது, உண்மைதான். அதற்காக ஒரு பத்தொன்பது வயதுப் பெண் கட்டிலில் படுத்துக்கொண்டு, யாரோ ஒருவன் தன்னைக் கொண்டாடுவதாகக் கற்பனை செய்துகொண்டு சிரிக்கக்கூட நம் அனுமதி வேண்டுமா? 'எனக்கெல்லாம் இவனா' என்ற எண்ணத்தை அவள் மனதில் விதைத்தது யார் என்பதை நம்மைவிட அறிந்தவர்கள் யார்?

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் கேட்டாள்: "நம்ம தெருப் பொண்ணு ஒருத்தி ஒரு சினிமா ஸ்டாரைக் காதலிச்சு, கடைசிவரை உசுரோட சந்தோஷமா இருக்கிற மாதிரி தமிழ்ல ஏதாவது இருக்காக்கா?"

எனக்குச் சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். விடுதியில் அடுத்து வாங்கிப் படிக்க நாலு பேர் காத்திருக்கிறார்கள்.