பெட்டியும் கயிறும்

தோழா!

தொழிலாளிக்குக் கையுண்டு, கருத்தேது என்று கேட்கும் கனவான்கள் இன்னும் இருக்கின்றனர். ஆலை வாயிலில் ஆலோசனைப் பெட்டி வைப்பார்கள், பூட்டும் போடுவார்கள், ஆண்டு முடிவில் திறந்து, "ஒரு காகிதமும் இல்லையே!" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். நாடகம் எழுதும் எனக்கே வாய்க்காத நகைச்சுவை இது!

அவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்வோம், வா! கலிபோர்னியாவின் பிரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை இருந்தது. எது நேரினும், கார் பொருத்தும் வரிசை நிற்கலாகாது என்பது அங்கே எழுதாச் சட்டம். கோணல் கதவும் போகும், குறையுள்ள என்ஜினும் போகும். கண்டவன் வாய் திறந்து பயனில்லை. விளைவு? ஐவரில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள், மலைபோல் முறையீடுகள். 1982இல் மூடுவிழா! பழி, வழக்கம்போல், தொழிலாளர் தலையில்!

1984இல் ஜப்பானின் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக, 'நும்மி' என்ற பெயரில், அதே தொழிற்சாலையைத் திறந்தன. உள்ளே வந்தோர் யார்? பெரும்பாலோர் அதே தொழிலாளர், அதே சங்கம். தலைக்குமேல் தொங்கிய கயிறு மட்டும் புதிது. குறை கண்டவன் அதை இழுக்கலாம், குழுத்தலைவர் ஓடிவருவார், உடனே தீராவிடில் வரிசையே நிற்கும். இழுத்தவனுக்குத் தண்டனை கிடையாது. வேலைமுறையை வகுப்பதிலும் திருத்துவதிலும் குழுவினருக்கே பங்கு தரப்பட்டது. விரைவிலேயே அவர்கள் கை பட்ட கார், ஜப்பானியக் காரோடு தரத்தில் தோள் உரசி நின்றது!

கயிறு ஒன்றே இதைச் சாதித்துவிட்டதா? தொழிற்சங்கத் தோழர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் இதுதான். மூவர் வேலையை இருவர் முடிக்க ஒருவன் வழி சொல்கிறான்; அதனால் மூன்றாமவன் வீட்டு அடுப்பு அணையும் என்றால், எவன் சொல்வான்? அந்த மௌனத்தை மடமை என்பவன் மனிதனை அறியாதவன். தோழனின் சோற்றைக் காக்கும் மௌனம் அது! நும்மி 1985இல் சங்கத்தோடு செய்த ஒப்பந்தம் இந்த அச்சத்தைத்தான் தொட்டது. நிறுவனத்தின் வாழ்வையே அசைக்கும் நெருக்கடி வந்தாலன்றி ஆட்குறைப்பு இல்லை. வந்தாலும், முதலில் அதிகாரிகளின் சம்பளம் குறையும். 1988 வாக்கில் விற்பனை சரிந்தது, சோதனை வந்தது. ஆனால், ஒருவரையும் வெளியேற்றவில்லை. ஓய்ந்த நேரத்தில் பயிற்சி அளித்தார்கள்.

சொர்க்கபுரி என்று சொல்லமாட்டேன். வேலையின் வேகம் உடலை வாட்டுகிறது என்று சங்கத்துக்குள்ளேயே ஓர் அணி எதிர்த்தது. கூட்டிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் 2009இல் விலகியது, 2010இல் கதவடைப்பு. அதைத் தொழிலாளியின் யோசனை தடுத்திருக்க இயலாது. அந்த முடிவு எடுக்கப்பட்ட அறையில் கயிறு தொங்கவில்லை!

நாளை உன் ஆலையிலும் பெட்டி வைக்கலாம். திறப்புவிழாவுக்கு உன்னையும் அழைக்கலாம். போய் வா, தோழா! மாலை விழுந்ததும், மேலாளரிடம் ஒன்று கேள்: "எங்கள் யோசனையால் எவன் வேலையும் போகாது என்று எழுதித் தருவீர்களா, ஐயா?"