ரோடு என்ன ரேஸ் மைதானமா?

சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குக் கொண்டாட்டம். ரோட்டில் நடந்து போகிறவர்களுக்கோ திண்டாட்டம்!

சைலன்சரைக் கழற்றிவிட்டு வாலிபர்கள் பைக்கில் சீறுகிறார்கள். ரோடு முழுக்க ஈரம். கைக்குழந்தையோடு அருவிக்குப் போகும் குடும்பங்கள். "ஏலே, மெதுவா போல!" என்று பெரியவர் கத்தி முடிப்பதற்குள் வண்டி அடுத்த திருப்பத்தைத் தாண்டிவிடுகிறது.

வேகம் தப்பா? இல்லை. இடம்தான் தப்பு.

சென்னை அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் 1950-களிலேயே பைக், கார் பந்தயங்கள் நடந்தன. அங்கே எதிரே லாரி வராது. குறுக்கே பாட்டி வரமாட்டாள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிப் பாதை வந்துவிட்டது.

தென்காசிப் பையன் 600 கிலோ மீட்டர் தாண்டிப் போவானா? கயத்தாறிலும் போர்க்கால ஓடுதளம் உண்டு. ஹெல்மெட், டாக்டர், ஆம்புலன்ஸ், போலீஸ் காவலோடு வருஷத்தில் நாலு நாள் அங்கே ஓட்டவிட முடியுமா என்று அரசு யோசிக்கட்டும்.

அதுவரை சட்டம் தூங்கக்கூடாது. 2019-ல் திருத்திய சட்டப்படி, ரோட்டில் ரேஸ் விட்டால் முதல் தடவைக்கே 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் விழலாம். 18 வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிச் சிக்கினால், பெற்றோருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.25 ஆயிரம் அபராதம்.

பிள்ளை கேட்டான் என்று சாவியைக் கொடுக்கும் தகப்பன்மார் யோசிக்க வேண்டும். அருவியில் குளிக்க வந்தவர்கள் ஆஸ்பத்திரியில் படுக்கலாமா?