ஒரு நாள் வாடகைக்கு ஒரு நாள் வேண்டும்

சென்னை எழும்பூரில் இரவு புறப்படும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மதுரைக்கு வந்துவிடுகிறது. சனி, ஞாயிறு விடுமுறையில் மதுரையைச் சுற்றிப் பார்க்க வரும் குடும்பங்கள் பலவும் இப்படி இரவு ரயிலிலோ ஆம்னி பஸ்ஸிலோதான் வந்து இறங்குகின்றன. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே டவுன்ஹால் ரோடும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வாடகையில் சுத்தமான ஏசி அறை, வெந்நீர், லிஃப்ட், காலைச் சிற்றுண்டி என்று நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் ஓட்டல்கள் அங்கே நிறைய உண்டு. அறையும் முன்பதிவு செய்தாகிவிட்டது, பணமும் கட்டியாகிவிட்டது. ஆனால் பெட்டியோடு போய் நின்றால் ரிசப்ஷனில் வரும் பதில், ‘செக்-இன் பன்னிரண்டு மணிக்குத்தான் சார்.’

விடியற்காலையிலிருந்து நண்பகல் வரை அந்தக் குடும்பம் எங்கே போகும்? மதுரைக்கு வருகிறவர்கள் முதலில் போக நினைப்பது மீனாட்சி அம்மன் கோயிலுக்கு. குளித்து, மாற்றுத்துணி உடுத்தாமல் தரிசனத்துக்குப் போக நம் வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். மதியம் பன்னிரண்டரை மணி வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறப்பது மாலை நான்கு மணிக்குத்தான். ஆக, ஓட்டல் அறை திறக்கும் நேரமும் கோயில் மூடும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. இரண்டு நாள் பயணத்தில் முதல் நாளின் நல்ல பொழுது முழுவதும் வரவேற்பறை சோபாவில் போகிறது. சர்க்கரை நோயுள்ள தாத்தாவும் கைக்குழந்தையோடு வந்த தாயும் கழிப்பறைக்காகக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். காத்திருக்க முடியாது என்றால் இன்னொரு வழி சொல்லப்படும்: முந்தைய நாள் வாடகையையும் சேர்த்துக் கட்டினால் உடனே சாவி கிடைக்கும். அறை காலியாகத்தான் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிகிறது.

குறித்த மணிக்குத்தான் செக்-இன் என்ற இந்த வழக்கம் நம் ஊர்களுக்குப் பழையது அல்ல. ரயிலடி, பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுகளில் ‘24 மணி நேர செக்-அவுட்’ என்று வாசலிலேயே போர்டு தொங்கும். எத்தனை மணிக்கு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாரோ, அங்கிருந்து மறுநாள் அதே மணி வரை அறை அவருடையது. வியாபாரத்துக்கு வந்தவரும் கல்யாணத்துக்கு வந்தவரும் இந்தக் கணக்கை நம்பித்தான் பயணத்தைத் திட்டமிட்டார்கள். இன்றும் சில லாட்ஜுகள் இதைக் கைவிடவில்லை. லாட்ஜிலிருந்து ஒரு படி மேலே போய், கொஞ்சம் வசதியான ஓட்டலைத் தேடும் குடும்பத்துக்குத்தான் அந்த உரிமை பறிபோகிறது. கூடுதல் பணம் கொடுக்கிறவருக்குக் குறைந்த நேரம் என்பதில் எந்த நியாயமும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பகல் 2 மணிக்கு செக்-இன், மறுநாள் காலை 11 மணிக்கு செக்-அவுட் என்று வைத்திருக்கும் ஓட்டல்கள் இப்போது பெருகிவருகின்றன. அது 21 மணி நேரம். ஒரு லிட்டர் என்று சொல்லி 875 மில்லி பால் ஊற்றினால் எந்த வீட்டிலும் பேசாமல் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். இங்கே குறைவதும் அதே அளவுதான். நாள் வாடகை 2,400 ரூபாய் என்றால் மணிக்கு 100 ரூபாய், குறைந்த மூன்று மணிக்கு 300 ரூபாய். காலை ஆறு மணிக்கு வந்து, நண்பகல் வரையான ஆறு மணி நேரத்துக்காக முந்தைய நாள் வாடகையைக் கட்டுகிறவர் 600 ரூபாய் பெறுமான நேரத்துக்கு 2,400 ரூபாய் கொடுக்கிறார்.

ஓட்டல்காரர்கள் சொல்லும் காரணங்களையும் தள்ளிவிட முடியாது. ஒருவர் காலி செய்த அறையைப் பெருக்கி, படுக்கை விரிப்பு மாற்றி, குளியலறை கழுவித் தயார் செய்ய ஆள் வேண்டும். விருந்தினர்கள் ஆளுக்கொரு நேரத்தில் கிளம்பினால் இரவும் பகலும் ஷிப்ட் போட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமானது, இணையத்தில் அறைகள் தேதிக் கணக்கில் விற்கப்படுவது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வந்தவருக்கு ஞாயிறு இரவு பத்து மணி வரை அறையைக் கொடுத்தால், ஞாயிறு மதியம் வருவதாகப் பதிந்திருப்பவருக்குக் கொடுக்க அறை இருக்காது. சித்திரைத் திருவிழா, பொங்கல் போன்ற நாட்களில் எல்லா அறைகளும் நிரம்பியிருக்கும்போது இது உண்மையான சிக்கல்தான். அந்த நாட்களுக்குக் குறித்த நேரம் இருக்கட்டும்.

ஆண்டு முழுவதுமா திருவிழா? சாதாரண வாரத்தில், முந்தைய இரவு யாரும் தங்காத அறை காலை ஆறு மணிக்குச் சுத்தமாகத்தான் இருக்கிறது. அதைத் திறந்துவிடுவதால் ஓட்டலுக்கு ஆறு மணி நேர மின்சாரமும் தண்ணீரும்தான் செலவு. 24 மணி நேர முறையில் எல்லோருக்கும் லாபம் என்று நாமும் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கு வந்தவர் மறுநாள் அதே ஆறு மணிக்கு எழுந்து பெட்டி கட்ட வேண்டியிருக்கும். சென்னையில் காலை ஆறு மணிக்குப் புறப்படும் தேஜஸ் ரயிலில் நண்பகலில் வந்து சேருகிறவருக்குப் பன்னிரண்டு மணி முறையே வசதி. அதனால்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பயணிக்கு வேண்டும் என்கிறோம். 24 மணி நேரம் கொடுக்க முடியாத ஓட்டல், முன்கூட்டியே வருகிறவரிடம் மணிக்கணக்கில் மட்டும் வாங்கட்டும். ரயில் நிலைய ஓய்வறைகளையே 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று பிரித்து இணையத்தில் பதிவு செய்ய முடிகிறபோது, கணினியில் கணக்கு வைத்திருக்கும் தனியார் ஓட்டலுக்கு இது இயலாத காரியம் அல்ல.

எந்தக் கட்டணமாக இருந்தாலும் அது பணம் கட்டுவதற்கு முன்பே தெரிய வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்கள், இணைய வணிகத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டன. விலையின் ஒரு பகுதியை மறைத்துவைத்துக் கடைசியில் சேர்ப்பதும் அவற்றில் ஒன்று. முன்பதிவுப் பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் சின்ன எழுத்தில் செக்-இன் நேரத்தைப் போட்டுவிட்டு, அதிகாலையில் குழந்தையோடு வந்து நிற்பவரிடம் கூடுதல் வாடகை கேட்பதையும் இதே கண்ணோடு ஆணையம் பார்க்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. உள்ளீட்டு வரிச் சலுகை கிடைக்காது என்ற ஓட்டல்காரர்களின் குறை நியாயமானது. அதை அரசு கேட்க வேண்டும். ஆனாலும் இந்தக் குறைப்பு, நடுத்தரக் குடும்பங்கள் உள்நாட்டில் பயணம் போகட்டும் என்று அரசு கொடுத்த சலுகை. அதன் பலன் ரிசப்ஷன் மேஜையிலேயே கரைந்துவிடக் கூடாது.

தனியார் தயங்கினால் அரசு முந்திக்கொள்ளலாம். 1971-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு மதுரை அழகர்கோவில் சாலை உட்பட மாநிலம் முழுவதும் ஓட்டல்கள் இருக்கின்றன. இரவு ரயில்கள் வந்து சேரும் ஊர்களிலாவது, திருவிழா நாட்கள் நீங்கலாக, அவை 24 மணி நேர வாடகையை அறிவிக்க வேண்டும். அறை தயாராகாத விருந்தினருக்குக் குளியலறையும் பெட்டி வைக்கும் இடமும் கட்டணமின்றித் தர வேண்டும். தனியார் ஓட்டல்களுக்கு இந்த இரண்டாவது ஏற்பாட்டையாவது சுற்றுலாத் துறை கட்டாயமாக்க வேண்டும். வரும் கோடை விடுமுறைக் கூட்டம் ரயிலேறுவதற்கு முன்பே அந்த உத்தரவு வெளியாக வேண்டும்.