பரீட்சைக்கு வராத கேள்வி

'அகல உழுவதைவிட ஆழ உழு' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. உழவனுக்குச் சொன்ன புத்தி அது. ஏர் பிடித்தறியாத நாம் அதை எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்கிற பிள்ளைகளின் தலையில் குட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் பிளஸ் ஒன் படிக்கிறான். பௌதிக வகுப்பில் எழுந்து, "சார், எல்லாச் சூத்திரத்திலும் காலத்துக்கு ஓர் எழுத்துப் போடுகிறோமே, அந்தக் காலம் என்பது என்ன?" என்று கேட்டிருக்கிறான். "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றாராம் ஆசிரியர். அவன் தகப்பனார் என்னிடம் வந்து அங்கலாய்த்தார்: "பௌதிகம் படி என்றால் கணக்கில் போய் நிற்கிறான். கணக்கைப் படி என்றால், எண் என்பது நாம் உண்டாக்கியதா, முன்பே இருந்ததா என்கிறான். தத்துவப் புத்தகம் வேறு வாங்கி வைத்திருக்கிறான். எதிலும் நிலைக்கமாட்டான் போலிருக்கிறதே! நீங்கள் இரண்டு வார்த்தை சொல்லக்கூடாதா?"

பையனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவருக்கும், அவரைப் போன்ற ஆயிரம் பேருக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

ஐயா, உங்கள் மகன் மூன்று வயல்களில் மேயவில்லை. ஒரே வயலைத்தான் ஆழ உழுகிறான். ஆழ உழுகிறவனுக்கு மண்ணுக்கடியில் வரப்பு கிடையாது. பௌதிகம், கணிதம், தத்துவம் என்று வரப்புப் போட்டவர்கள் நாம். வகுப்பு அட்டவணைக்கும் சம்பளப் பட்டியலுக்கும் அது சௌகரியம். நம் சௌகரியத்தை இயற்கையின் சட்டமென்று பிள்ளையிடம் சொல்வது மோசடி.

1902-இல் ஸ்விட்சர்லாந்தில் பெர்ன் நகரத்துப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. கணிதமும் பௌதிகமும் கற்றுத்தரப்படும், சோதனைப் பாடத்துக்குக் கட்டணமில்லை என்று. கொடுத்தவர் நிரந்தர வேலை கிடைக்காத ஓர் இளைஞர், பெயர் ஐன்ஸ்டைன். அதைப் பார்த்துப் பௌதிகம் படிக்க வந்த ஸொலொவின், தத்துவ மாணவர். கொஞ்ச நாளில் பாடம் நின்றது, பேச்சு வளர்ந்தது. ஹாபிஷ்ட் என்ற கணித மாணவரும் சேர்ந்துகொண்டார். மூவரும் தங்கள் கூட்டத்துக்கு 'ஒலிம்பியா அகாடமி' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்துக்கொண்டு, சீஸும் பழமும் தேநீருமாக ராத்திரி வெகுநேரம் வாதாடினார்கள். ஹ்யூமைப் படித்தார்கள்; மாக்கைப் படித்தார்கள்; பாயின்கரேயைப் படித்தார்கள். 'டான் குயிக்ஸாட்' நாவலையும் விடவில்லை. கதை எழுதுகிறவனான எனக்கு அதில் தனி சந்தோஷம்!

1905-இல் ஐன்ஸ்டைன் எழுதிய சார்பியல் கட்டுரையின் ஆணிவேர் எது? வெவ்வேறு இடங்களில் நடக்கும் இரண்டு சம்பவங்கள் 'ஒரே சமயத்தில்' நடந்தன என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி. நம் பையன் கேட்டதற்கு அது சொந்த அண்ணன். ஹ்யூமையும் மாக்கையும் படித்தது அந்தச் சிந்தனைக்குத் துணை செய்தது என்று ஐன்ஸ்டைனே பிற்காலத்தில் எழுதினார். இத்தனைக்கும் அவர் சோற்றுக்கு வழி தேடாமல் இருந்துவிடவில்லை. 1902 ஜூனிலிருந்து காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தா மாதிரி வேலை பார்த்து, குடும்பமும் நடத்தினார்.

இன்னொரு கதை சொல்கிறேன். சேர்ந்திருந்து பிரிந்த இரண்டு அணுத்துகள்கள். ஒன்றை அளந்தால் மற்றதன் குணம் உடனே தெரிந்துவிடுகிறது. அளப்பதற்கு முன்பே அந்தக் குணம் அதனிடம் இருந்ததா? 1935-இல் ஐன்ஸ்டைனும் இரண்டு சகாக்களும் இப்படி ஒரு வழக்கைக் கிளப்பினார்கள். "இது தத்துவம், பௌதிகமல்ல" என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். அவர்கள் பாஷையில் 'பரீட்சைக்கு வராது.'

ஜான் பெல் என்பவர் ஜெனீவாவில் வேறு ஆராய்ச்சிக்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் 1964-இல் இந்தத் தத்துவச் சந்தேகத்தைக் கணிதமாக்கினார். குணம் முன்பே இருந்தது, ஒளியைவிட வேகமாக எந்தப் பாதிப்பும் பாயாது என்றால், இரண்டு அளவுகளின் பொருத்தம் ஓர் எல்லையைத் தாண்ட முடியாது என்று நிரூபித்தார். 1972-இல் கிளாஸரும் ஃப்ரீட்மனும் கால்சியம் அணுக்களிலிருந்து வரும் ஒளித்துகள்களை வைத்துச் சோதித்தார்கள். எல்லை தாண்டப்பட்டது! இதில் இறங்கினால் உத்தியோகம் கிடைக்காது என்று கிளாஸரை எச்சரித்தவர்கள் உண்டு. 1982-இல் ஆஸ்பே இன்னும் கறாராகச் சோதித்தார். 2022-இல் கிளாஸர், ஆஸ்பே, ஸைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு. இன்று ரகசியச் செய்தி அனுப்புகிற புதிய முறைகளுக்கு இதே விஷயம் அஸ்திவாரம்.

தத்துவத்தில் பிறந்து, கணிதத்தில் வளர்ந்து, பௌதிகத்தில் தீர்ப்புப் பெற்றது ஒரே கேள்வி. எந்த வரப்பில் அதை நிறுத்தியிருப்பீர்கள்?

"ஐன்ஸ்டைன் எங்கே, என் பையன் எங்கே?" என்பீர்கள். அவன் ஐன்ஸ்டைன் ஆவான் என்று நான் ஜாதகம் கணிக்கவில்லை. ஆகாவிட்டால் போகட்டும். ஆனால் 'இது எப்படித் தெரியும்?' என்று ஒரு நாளும் கேட்டறியாத இன்ஜினீயர் கட்டுகிற பாலத்தில் நீங்களும் நானும்தானே போக வேண்டும்? அப்படிப்பட்ட டாக்டரிடம்தானே கை நீட்ட வேண்டும்?

ஒரு மார்க்கில் இடம் பறிபோகிறது, கடன் வாங்கிக் கோச்சிங்குக்குக் கட்டியிருக்கிறோம் என்கிற பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். நடுத்தர வீட்டில் அந்தப் பயம்தான் அடுப்பை எரிய வைக்கிறது. பரீட்சைக்குப் படிக்கட்டும். ஆனால் நாளில் ஒரு மணி நேரத்தையாவது அவனுக்கே விட்டுவிடுங்கள்.

அகலம் என்ற பெயரில் உலவும் போலிகளுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. அணுவுக்குள் வேதாந்தம் இருக்கிறது என்று மேடை மேடையாக முழங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒரு சமன்பாட்டைக்கூடத் தொட்டதில்லை. வேதாந்தத்தையும் ஒழுங்காகப் படித்ததில்லை. அது ஆசை அல்ல, ஆடம்பரம். உண்மையான ஆசைக்கு அடையாளம் ஒன்றுதான்: கேள்வி கேட்டவன் அதோடு நிற்காமல், காகிதம் பென்சிலோடு உட்காருகிறானா? பெல் உட்கார்ந்தார், அதனால்தான் வாய்ச்சண்டையாக இருந்த வழக்குக்குத் தீர்ப்புக் கிடைத்தது. உட்காருகிற பிள்ளையைத் தடுக்காதீர்கள். உட்காராதவனை உட்காரச் செய்யுங்கள், அது உங்கள் கடமை.

ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். காலம் என்றால் என்ன என்பதற்கு உங்களிடம் பதில் இல்லாதிருக்கலாம். உலகத்தில் யாரிடமும் முழுப் பதில் இல்லை. "எனக்குத் தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்வதில் உங்கள் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. "உட்கார்" என்ற ஒரு வார்த்தையில் உட்கார்ந்துவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்த மதிப்பெண் பட்டியலும் சொல்வதில்லை. அந்தக் கணக்கு யாராவது எடுத்தால், நாம் தலைகுனிய நேரும்.