தலையில் அடிபட்டால் அடுத்த ரெய்டு வேண்டாம்: டெல்டா கபடிக்குத் தேவை ஒரு விதி

சம்பா அறுவடை முடிந்ததும் தஞ்சை, திருவாரூர் பக்கத்து ஊர்களில் கபடிப் போஸ்டர்கள் முளைத்துவிடும். முதல் பரிசு, சுழற்கோப்பை, நுழைவுக் கட்டணம், தொடர்பு எண்கள் என்று எல்லாமே அதில் இருக்கும். டாக்டர் இருப்பாரா, ஆம்புலன்ஸ் நிற்குமா என்ற வரி மட்டும் பெரும்பாலும் இருக்காது.

இங்கே கபடி பல குடும்பங்களின் எதிர்காலக் கணக்கு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் கபடி அணியில், மன்னார்குடி பக்கம் வடுவூரைச் சேர்ந்த அபினேஷும் இருந்தார். தமிழக அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஒரு நல்ல சீசன் ஒரு பையனின் வாழ்க்கையை மாற்றிவிடலாம்.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இவ்வளவு கனவை வைத்துக்கொண்டு களமிறங்கும் 19 வயசுப் பையன், “தலை சுத்துது, என்னை வெளியே எடுங்க” என்று தானாகச் சொல்ல மாட்டான்.

அடி எப்படி விழுகிறது?

ரெய்டரின் கணுக்காலைப் பிடிக்கப் பாய்பவரின் தலை, எதிராளியின் முட்டிக்கு நேராகப் போகிறது. பிடிபட்ட ரெய்டர் மேல் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் விழுகிறார்கள். சீனியர் ஆண்கள் பிரிவில் ஒருவர் 85 கிலோ வரை இருக்கலாம். டிவியில் பார்க்கும் புரோ கபடியில் கீழே மேட் இருக்கும். ஊர்ப் போட்டிகள் பலவும் மண் தரையில்தான். டெல்டாவின் களிமண் காய்ந்தால் எவ்வளவு கெட்டியாகும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் ரெய்டு போன இளைஞர் ஒருவர் களத்திலேயே சரிந்து உயிரிழந்தார். வீடியோ எல்லோருடைய போனுக்கும் வந்தது. சில நாள் பேசினோம், பிறகு மறந்துவிட்டோம்.

மரணம் அபூர்வம். அடிக்கடி நடப்பது மூளை அதிர்ச்சி. மண்டைக்குள் மூளை குலுங்குவதால் வரும் பாதிப்பு இது. மயக்கம் போட வேண்டும் என்று அவசியமில்லை. ஸ்கேனில்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம். தலைவலி, வாந்தி, குழப்பம், வெளிச்சம் கூசுவது, இப்போது நடந்ததே நினைவில்லாமல் போவது ஆகியவை அறிகுறிகள். அது ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் பாதிப்பு பல மடங்கு ஆகலாம், அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் சந்தேகம் இருந்தாலே அன்று ஆடக்கூடாது என்கிறது உலக விளையாட்டு மருத்துவம்.

விதிகள் இல்லையா?

இருக்கின்றன. நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம், செயின் கூடாது, வாயைப் பொத்தக்கூடாது, கால்களால் கத்தரி போட்டுப் பிடிக்கக்கூடாது. மீறினால் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை. இவை எல்லாம் அடிப்பவரைக் கட்டுப்படுத்தும் விதிகள். ஊர்ப் போட்டியில் அடிபட்டவர் மறுபடி ஆடலாமா என்பதை யார் முடிவு செய்கிறார்? பெரும்பாலும் கேப்டன், பக்கத்தில் நிற்கும் நண்பர்கள், மைக்கில் கத்துபவர். முகத்தில் தண்ணீர் அடித்து, “ஒண்ணுமில்லடா, எழுந்திரு” என்பதே வைத்தியம்.

இதே தஞ்சை மாவட்டத்தில் திருக்கானூர்பட்டி ஜல்லிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாடுபிடி வீரருக்கு மருத்துவப் பரிசோதனை, பார்வையாளருக்கு இரட்டைத் தடுப்பு, பக்கத்திலேயே மருத்துவக் குழு. 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டு, 2017-ல் சட்டத் திருத்தமும் விதிகளும் வந்த பிறகு இவை கட்டாயமாயின. விதி வந்ததால் ஜல்லிக்கட்டு அழியவில்லை. 2023-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. கபடிக்கும் அப்படியொரு வழக்கும் தடையும் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

அமெரிக்கா கற்ற பாடம்

1905-ல் அமெரிக்கக் கால்பந்தில் மரணங்கள் பெருகி, ஆட்டத்தையே தடை செய்யச் சொன்னார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகங்களைக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த ஆண்டு பந்தை முன்னோக்கி எறிய அனுமதி வந்தது. குவியலாக மோதுவது குறைய ஆரம்பித்தது. இன்று ரசிகர்கள் கொண்டாடும் நீண்ட பாஸ் அந்தப் பாதுகாப்பு மாற்றத்தின் குழந்தை.

ஆனால் தலைக்காயத்தில் அதே ஆட்டம் சறுக்கியது. 2002-ல் இறந்த மைக் வெப்ஸ்டர் என்ற முன்னாள் வீரரின் மூளையில், தொடர் அடிகளால் வரும் சிதைவை டாக்டர் பென்னட் ஒமாலு கண்டுபிடித்தார். என்எஃப்எல் அமைப்பு முதலில் மறுத்தது. கடைசியில் முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் சுமார் 100 கோடி டாலர் அளவுக்குச் சமரசத்துக்கு வந்தது. ஹெல்மெட்டைத் தாழ்த்தி முட்டினால் தண்டனை என்ற விதி 2018-ல் வந்தது. மோதலின் வேகத்தைக் குறைக்க ஆட்டத்தைத் தொடங்கும் முறையையே 2024-ல் மாற்றினார்கள்.

கிரிக்கெட்டும் 2019-ல் தலையில் அடிபட்டவருக்குப் பதில் மாற்று வீரரை அனுமதித்தது. கபடிக்கு அந்தச் சிரமமும் இல்லை. மாற்று வீரர்கள் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

ஒன்று: தலையில் அடிபட்டு அறிகுறி தெரிந்தால் அன்று மறுபடி ஆடக்கூடாது. முடிவு ரெஃப்ரியுடையது, கேப்டனோ வீரரோ மாற்ற முடியாது.

இரண்டு: டாக்டரின் சம்மதம் இல்லாமல் அடுத்த போட்டியிலும் இறங்கக்கூடாது. அடுத்த வாரம் பக்கத்து ஊரில் வேறு அணிக்கு ஆடப் போய்விடுவதால், மாவட்ட கபடிக் கழகங்கள் பெயரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

மூன்று: முதலுதவி தெரிந்த ஒருவர், தயாராக ஒரு வண்டி, இளக்கிய மண். இவை இல்லாமல் போலீஸ் அனுமதி கிடையாது.

செலவு அதிகமாகும் என்பார்கள். ஃப்ளெக்ஸ் பேனருக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கு போதும். வீரம் போய்விடும் என்பார்கள். பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் அம்மாவின் பயம்தான் கபடிக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வடுவூரிலிருந்து அடுத்த அபினேஷ் வர மாட்டார்.

அவுட் ஆனவர் வெளியே உட்காருவதும், பிறகு உள்ளே வருவதும் கபடிக்குப் புதிதல்ல. தலையில் அடிபட்டவரும் அப்படித்தான் உட்கார வேண்டும். என்ன, அவர் திரும்பி வரும் நேரத்தை ஸ்கோர் போர்டு சொல்லக்கூடாது. டாக்டர் சொல்ல வேண்டும்.