மொட்டைமாடியில் ஒரு கழனி

தமிழில் ‘கதிர்’ என்னும் சொல் இரு பொருள் தருவது. ஞாயிற்றின் ஒளிக்கீற்றும் கதிர். நெற்பயிரின் முற்றிய விளைச்சலும் கதிர். வானிலிருந்து இறங்குவதும் மண்ணிலிருந்து எழுவதும் ஒரே பெயரால் வழங்கக் காரணம் யாதாயினும், இன்று அவ்விரு பொருளும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. அவ்விடம் நம் வீட்டு மொட்டைமாடி. அங்கே விழும் கதிரை அறுவடை செய்து மின்சாரமாக்கிக் கொள்ளலாம் என்று அரசு சொல்கிறது; வணிகர் சொல்கின்றனர்; அண்டை வீட்டாரும் சொல்லத் தொடங்கிவிட்டனர். செய்யத்தான் வேண்டுமா, எவர் செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்னும் வினாக்களை நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரைக்கு வெயில் புதிதன்று. சித்திரையிலும் வைகாசியிலும் நாற்பது பாகை செல்சியசைத் தொடும் வெப்பத்தில் காய்ந்து பழகிய ஊர் இது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என நாற்புறமும் விரியும் சமவெளியில் மழை குறைவு. வானம் தெளிந்திருக்கும் நாள்கள் மிகுதி. நம் முன்னோர் இவ்வெயிலில் நெல்லை உலர்த்தினர், மிளகாயைக் காயவைத்தனர், வற்றலும் வடகமும் இட்டனர். வெயிலைச் செல்வமாகக் கருதும் பழக்கம் நமக்கு அயலானதன்று. கருவி மட்டுமே புதியது.

அக்கருவியும் நேற்றுப் பிறந்ததன்று. ஒளி படும்போது மின்னோட்டம் எழுவதைப் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் 1839இல் கண்டார். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தினர் சிலிக்கானைக் கொண்டு பயன்தரத்தக்க மின்கலத்தைச் செய்து காட்டினர். நெடுங்காலம் விண்கலங்களுக்கே உரியதாக இருந்த அந்த விலையுயர்ந்த பொருள், 2010க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் விலை பெரிதும் வீழ்ந்து நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டும் தொலைவுக்கு வந்துள்ளது.

பட்ட பாடும் கண்ட வழியும்

2012ஆம் ஆண்டை மதுரை மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேலாக மின்சாரம் இல்லாமல் தென்மாவட்டங்கள் இருண்டு கிடந்த காலம் அது. அரிசி ஆலையும் அச்சகமும் தையற்கூடமும் முடங்கின. மாணவர் மெழுகுவத்தி ஒளியில் தேர்வுக்குப் படித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் தமிழக அரசு சூரிய சக்திக் கொள்கையை வெளியிட்டு, 2015க்குள் 3000 மெகாவாட் என்னும் இலக்கை அறிவித்தது. அதற்கு முன்பே, 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், முந்நூறு சதுர அடிச் சிறு வீட்டின் கூரை மீதும் சூரிய விளக்குக்கான தகடு ஏறியது. 2016இல் இராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதி அருகே ஏறத்தாழ 2500 ஏக்கர் பரப்பில் 648 மெகாவாட் மின்நிலையம் எழுந்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகிலேயே பெரியது என அப்போது அது பேசப்பட்டது.

கமுதி நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. இவ்வட்டாரத்து வெயில் மின்சாரம் ஆக்கத் தக்கது என்பது ஒன்று. அதற்கு நிலம் வேண்டும் என்பது மற்றொன்று. நிலமோ வளராத பொருள். ஆடு மேயவும் மானாவாரி விளையவும் அதுவே வேண்டும். ஆனால் நம் வீட்டுக் கூரைக்கு எவரும் புதிதாக நிலம் தர வேண்டியதில்லை. அது ஏற்கெனவே வெயிலில் வெறுமனே கிடக்கிறது. கூரை மின்சாரத்தின் தனிச்சிறப்பு இதுவே.

கணக்கு என்ன சொல்கிறது?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய ‘பிரதமரின் சூரிய வீடு’ திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயுமாக, உச்ச அளவாக 78,000 ரூபாய் மானியம் அதில் வகுக்கப்பட்டது. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் படாத நூறு சதுர அடி இடம் தேவை. அது நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். இரண்டு மாதத்திற்கு ஏறத்தாழ 240 யூனிட்.

இனி நம் மின்கட்டணத்தைப் பார்ப்போம். 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்பட்டது. 2024 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டணத்தின்படி அடுத்த நூறு யூனிட்டின் விலை ஒன்றுக்கு இரண்டரை ரூபாயையும் எட்டவில்லை. ஆனால் பயன்பாடு 500 யூனிட்டைக் கடந்துவிட்டால் அந்தச் சலுகை விலை மறைந்துவிடும். 500க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். 1000க்கு மேல் போனால் பதினொரு ரூபாய்க்கும் மேல்.

மூன்று குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். முதற்குடும்பம் இரு மாதத்திற்கு 200 யூனிட் செலவிடுகிறது. அதன் ஆண்டுக் கட்டணமே ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தாண்டாது. மானியம் போக நாற்பதாயிரத்துக்கு மேல் செலவிட்டு ஒரு கிலோவாட் அமைத்தால், முதல் மீளவே இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகும். தகட்டின் ஆயுளே இருபத்தைந்து ஆண்டுதான்! இக்குடும்பத்திற்கு இது வேண்டாத சுமை.

இரண்டாவது குடும்பம் 300 யூனிட் செலவிடுவது. இரு மாதக் கட்டணம் ஏறத்தாழ எழுநூறு ரூபாய். இதற்கு முதல் மீளப் பத்தாண்டு ஆகலாம். அவசரம் இல்லை; கையில் பணமிருந்தால் செய்யலாம். மூன்றாவது குடும்பம் இரு குளிர்சாதனப் பெட்டிகளும் தண்ணீர் மோட்டாரும் ஓட 800 யூனிட் செலவிடுகிறது. இரு மாதத்திற்கு நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் அளவில் கட்டுகிறது. மூன்று கிலோவாட் அமைப்பின் விலை ஏறத்தாழ இரண்டு இலட்சம். மானியம் போக ஒன்றேகால் இலட்சம் அளவில் நிற்கும். நான்கு ஐந்து ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும். எஞ்சிய இருபது ஆண்டும் வரவே. இவர்கள் தயங்குவதற்குக் காரணமே இல்லை.

ஆகவே ‘சூரிய மின்சாரம் நல்லதா?’ என்று கேட்பதைவிட, ‘நம் வீட்டு மின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?’ என்று கேட்பதே அறிவுடைமை. விளம்பரத்தைப் படிக்குமுன் ஓராண்டு மின்கணக்கைப் படித்துவிட வேண்டும்.

விற்பவர் விரித்துரைக்காதவை

சில உண்மைகளை வாங்குவோர் தாமே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலாவது, மின்வாரியக் கம்பியோடு இணைத்த, மின்கல அடுக்கு இல்லாத அமைப்பு, மின்தடை ஏற்படும்போது தானும் நின்றுவிடும். கம்பியில் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. 2012இன் இருளை நினைத்து இதை வாங்குவோர் ஏமாறுவர். இருளுக்கு மருந்து மின்கல அடுக்கு. அதன் விலையும் பராமரிப்பும் தனிக்கணக்கு.

இரண்டாவது, தகட்டுக்கு வேண்டியது ஒளி, வெப்பமன்று. இருபத்தைந்து பாகைக்கு மேல் தகடு சூடேறும் ஒவ்வொரு பாகைக்கும் விளைச்சல் நூற்றுக்கு மூன்றிலொரு பங்கு அளவில் குறையும். நம் கோடையில் தகடு அறுபது பாகையைத் தொடுமாதலால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு நேரும். தகட்டின் அடியில் காற்றோட இடம் விட்டு உயர்த்திக் கட்டினால் இழப்புக் குறையும். மாடியும் புழக்கத்துக்கு மிஞ்சும். மதுரை ஏறத்தாழ வடக்குப் பத்துப் பாகையில் இருப்பதால், தெற்கு நோக்கிப் பத்துப் பாகைச் சாய்வே ஏற்றது. ஆடிக் காற்றைத் தாங்கும் உறுதியும் தாங்கிகளுக்கு வேண்டும்.

மூன்றாவது, நிழல். ஒரு தகட்டின் மூலையில் தண்ணீர்த்தொட்டியின் நிழல் விழுந்தாலும் அதனோடு தொடராக இணைந்த தகடுகளின் விளைச்சல் குன்றக்கூடும். காஜிமார் தெரு, நெல்பேட்டை போன்ற, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த பகுதிகளில் இன்று வெயில் படும் மாடிக்கு, நாளை அண்டை வீட்டார் மேல்தளம் எழுப்பியதும் வெயில் படாது. நம் வீட்டிலும் அவ்வாறே. மகனுக்கு மாடி எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் எந்தத் தந்தைக்கும் உண்டு. ஐந்தாண்டில் தளம் எழுப்பப் போகிறவர் இப்போது தகடு பதித்தால் கழற்றி மாட்டும் செலவு இரட்டிக்கும். ஆகவே இது தகப்பனார் மட்டும் முடிவு செய்யும் காரியமன்று. பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசவேண்டிய காரியம்.

வட்டியும் வாடகையும்

இத்திட்டத்திற்கு வங்கிகள் பிணையின்றிக் கடன் தருகின்றன. ஆனால் அது வட்டிக் கடன். வட்டியை விலக்கி வாழ உறுதி கொண்ட குடும்பங்கள் நம்மிடையே பல. மானியமும் முதலில் முழுத்தொகை செலவிட்டு, அமைப்பு இயங்கத் தொடங்கிய பின்னரே கணக்கில் வந்து சேர்வது. ஆக, கையில் ரொக்கம் உள்ளவருக்கே இவ்வழி எளிதாகத் திறக்கிறது. வாடகை வீட்டில் குடியிருப்போருக்கோ கூரையே இல்லை. வெயில் எல்லார் மீதும் ஒப்பக் காய்கிறது. அதன் பயன் மட்டும் உள்ளவர் வீட்டில் தங்குமாயின் அது முறையாகுமா?

இங்கேதான் சமுதாயப் பெரியோர்களின் கவனத்தை நாம் வேண்டுகிறோம். பல மகல்லாக்களில் பைத்துல்மால் இயங்குகிறது. மருத்துவத்துக்கும் திருமணத்துக்கும் உதவும் அந்நிதியத்தின் வசதிக்கேற்ப, ஆண்டுக்குச் சில குடும்பங்களுக்கு இதற்கென வட்டியில்லா அழகிய கடன் வழங்கலாம். மிச்சமாகும் மின்கட்டணத்தையே தவணையாகத் திருப்பிச் செலுத்தச் செய்தால், திரும்பிய தொகை அடுத்த வீட்டுக்குப் போகும். இயலாத காரியம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை என்னும் சிற்றூராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலையை ஊருக்கென வாங்கி, எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் காட்டியது. ஊர் கூடினால் தேர் நகரும்.

தனி வீடுகளுக்கு முன்பே கவனிக்கத்தக்கவை பொதுக் கூரைகள். கல்லூரியும் பள்ளிக்கூடமும் பகலில் இயங்குபவை. சூரியன் தரும் நேரமும் அவை செலவிடும் நேரமும் ஒன்றே. பள்ளிவாசலிலும் லுஹர், அஸர் வேளைகளில் ஓடும் விசிறிகளும், ஒளூச் செய்யும் ஹவுளுக்கு நீரேற்றும் மோட்டாரும் பகல் மின்சாரத்தையே நாடுகின்றன. வீடுகளுக்கான மானியம் இவற்றுக்கு அப்படியே பொருந்தாதெனினும், நிழலற்ற பரந்த கூரை இவற்றுக்கு உண்டு. பொதுக்கூரையில் விளைந்த மின்சாரத்தின் பயனில் வாடகை வீட்டுக்காரருக்கும் பங்குண்டு.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் உங்கள் வீட்டு மின் அட்டையை எடுத்து ஆறு தவணைக் கணக்கையும் கூட்டிப் பாருங்கள். மாடியில் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை எங்கெங்கே நிழல் விழுகிறதெனச் சுண்ணாம்புக் கட்டியால் குறியுங்கள். பிறகு பெற்றோரிடம் பேசுங்கள். வேண்டும் என்று கணக்குச் சொன்னால் துணிந்து செய்க. வேண்டாம் என்று சொன்னால் வெட்கமின்றி விட்டுவிடுக. விளக்கை அணைத்துச் சிக்கனம் காக்கும் ஏழை வீட்டையும், தகடு பதித்த செல்வர் வீட்டையும் ஒப்ப மதிப்பதே அறம். செலவிடாத யூனிட்டுக்கு எந்தக் கூரையும் தேவையில்லை.

கழனி உள்ளவன் விதைக்கத் தயங்கலாகாது. கழனி இல்லாதவனுக்குப் பொதுக்கழனியில் பங்கு மறுக்கப்படலாகாது. மொட்டைமாடிக்கும் அதுவே நீதி.