கிழிந்த பட்டமும் நம் தையற்கலையும்

ஆடி மாதத்தில் விருதுநகர் மாவட்டத்து ஆனைக்குட்டம் நீர்த்தேக்கத்தை அலைக்கழிக்கிற தென்மேற்குக் காற்றே, கிழக்கே இராமேசுவரம் தீவின் கரையோரத்தில், பத்துச் சதுர மீட்டர் அளவுள்ள பட்டங்களைத் தூக்கி நிறுத்தி, அவற்றைப் பற்றியவர்களைப் பலகையோடு அலைமேல் இழுத்துச் செல்கிறது. 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற, கைட்போர்டிங் எனப்படும் இவ்விளையாட்டு நம் கடலுக்கும் வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், கிழிந்த பட்டத்தைச் செப்பனிடும் கலையும் அதனோடு இங்கே வேரூன்ற வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இப்பட்டத்தின் முன்விளிம்பு டேக்ரான் துணியாலான குழல். அதனுள்ளே காற்றடைத்த பை. பின்னே விரிவது மெல்லிய பாலியெஸ்டர். கடலில் விழுந்தாலும் மிதந்து மீண்டும் எழும்பக்கூடிய இவ்வமைப்புக்கு 1984இல் காப்புரிமை கோரியவர்கள் பிரெஞ்சுச் சகோதரர்களான லெகேன்யூக்கள். துணியில் சில மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த இழை கட்டங்கட்டமாக ஓடுவதால், பனங்கருக்கோ உடைமுள்ளோ இட்ட துளை எளிதில் பெருங்கிழிசலாகிவிடுவதில்லை.

அத்தகைய சிறு சேதத்துக்கு, உப்புப் போக நன்னீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, ஆல்கஹாலால் துடைத்து, சுருக்கமின்றி விரித்து, இழைகளின் போக்குப் பிசகாமல் ஓரங்களைச் சேர்த்து, இருபுறமும் ஒட்டுத்துணி இட்டாலே போதும். ஒட்டின் மூலைகளை மட்டும் வட்டமாக வெட்ட வேண்டும், கூரிய மூலையிலிருந்துதான் அது உரியத் தொடங்கும். பையின் ஊசித்துளையைக் கண்டுபிடிப்பது சைக்கிள் டியூபின் பஞ்சரைக் கண்டுபிடிப்பது போன்றதே: சோப்பு நீரில் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். முன்விளிம்பின் தையல் பிரிந்தால் விஷயம் வேறு. அழுத்தத்திலுள்ள பை அவ்விடைவெளியில் பிதுங்கி வெடிக்குமாதலால், அங்கே ஒட்டு மட்டும் உதவாது. வளைந்து வளைந்து ஓடும் ஜிக்ஜாக் தையல் அவசியம். வெயிலில் நைந்துபோன துணியிலோ ஊசியிட்ட துளைகளே புதுக் கிழிசலுக்கு வழியாகும். அத்தகைய பட்டத்தைப் பறக்கவிடாதே என்று சொல்லும் துணிவும் செப்பனிடுகிறவருக்கு வேண்டும், ஏனெனில் நடுக்கடலில் அதை நம்பியிருப்பது ஓர் உயிர்.

இவ்வளவுக்கும் தேவையான சாமர்த்தியம் நம்மிடம் இல்லாததன்று. மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் சத்திரப்பட்டியும், கைத்தறி ஒலித்த அருப்புக்கோட்டையும் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கின்றன. பக்கத்துத் தூத்துக்குடியில், தோணிகள் பாய்விரித்து இலங்கை சென்ற காலத்தில், பாய் தைக்கும் வேலையே ஒரு ஜீவனமாக இருந்தது. சாமர்த்தியத்தோடு, பொருளைப் பற்றிய விவரமும் வேண்டும். 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கெனக் குழு அமைத்து, வேளாண் கருவி, கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகியவற்றை முதலில் எடுத்துக்கொண்டது. விளையாட்டுச் சாதனங்களையும் அதில் சேர்த்து, பட்டம் விற்கும் நிறுவனங்கள் துணியின் தரத்தையும் தையல் வரைபடத்தையும் வெளியிடும்படி செய்ய வேண்டும். விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களின் தொழிற்பயிற்சி நிலையங்கள், தையல் பயிலும் மாணவர்க்குச் சட்டைக் கழுத்தோடு நின்றுவிடாமல், கிழிந்த பட்டம் ஒன்றையும் மேசையில் விரித்துக் கொடுக்கட்டும்.